ஆடிக்கு முன் ஒரு வளைகாப்பு

24-6-95, சனி

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. தண்ணீர் லாரி நான் பஸ் ஏறிய பிறகுதான் வந்ததாம். இவர், என் வீட்டுக்காரர், இரண்டு குடம் பிடித்து வைத்திருக்கிறார். அதை ஊரைப் பிடித்த மாதிரி சொல்கிறார்.

ஆபீஸ் அரை நாள். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து நேராகப் பூந்தமல்லி. புது நோயாளி வீடு. டாக்டரம்மா கொடுத்த விலாசம்: மார்க்கெட் பின்புறம், மாவு மில் சந்து, கடைசி ஓட்டு வீடு. பெயர் கஸ்தூரி. வயது நாற்பத்தாறு. வயிற்றுக்குள் கட்டி, எல்லா இடமும் பரவிவிட்டது. "இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள்தான் எங்கள் பங்கு. டாக்டரம்மாவோடு நாங்கள் ஐந்து பேர். வலி மாத்திரை கொண்டு போவது, புண் துடைப்பது, பக்கத்தில் உட்காருவது. குணமாக்குவது எங்கள் வேலை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுவோம். யாரும் நம்புவதில்லை.

வாசலிலேயே புருஷன் மடக்கிவிட்டார். தனசேகர். லேத் பட்டறை வேலை, விரலிடுக்கெல்லாம் கிரீஸ்.

"மேடம், உள்ள போய் அந்தப் பேர மட்டும் சொல்லிடாதீங்க. நீர்க்கட்டின்னுதான் அதுகிட்ட சொல்லி வச்சிகீறேன். ஆவடில சம்பந்தி ஊட்லயும் அப்டித்தான் சொல்லிகீது. சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆவல, தெரிஞ்சா எவன் வருவான்?"

வீட்டார் அனுமதி இல்லாமல் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் குழுவின் கட்டுப்பாடு. தலையாட்டினேன்.

கஸ்தூரி. கை கால் குச்சி. வயிறு மட்டும் நிறைமாதம், உள்ளே முழுக்க நீர். சின்ன மகள் ரேவதி விசிறிக்கொண்டிருந்தாள். அவள் டீ போட எழுந்து போனதும் கஸ்தூரி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யக்கா, எனக்கு இன்னான்னு எனக்குத் தெரியும். அந்த வார்டு பூரா மொட்டைத் தலையா கீது, எல்லாருக்குமா நீர்க்கட்டி? எனக்குத் தெரியும்னு அந்தாளுக்குத் தெரிய வாணாம். பயந்துக்கும்."

இரண்டு பேருக்கும் இடையில் இப்போது நான். இருவர் ரகசியமும் என் தலையில்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மூத்தவள் செல்வி, ஆவடியில் கட்டிக்கொடுத்த பெண், முழுகாமல் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்கு இங்கே வர வேண்டும். "ஒரு வாரம் எங்கூட இருந்தா போதும். அவ வயித்த ஒரு தபா தொட்டுப் பாக்கணும்."

இவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

28-6-95, புதன்

இவ்வளவுதான் இல்லை.

டாக்டரம்மாவை நச்சரித்தேன், எத்தனை நாள் என்று. வாயைத் திறக்கவே மாட்டார். கடைசியில், "ஆவணி பார்க்க மாட்டா" என்றார்.

செல்விக்கு ஏழாம் மாதம் பிறக்கப் போகிறது. வளைகாப்புப் போட்டால்தான் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள். இதோ ஆடி வருகிறது, ஆடியில் செய்ய மாட்டார்கள். ஆவணியில், ஒன்பதாம் மாதத்தில் போடலாம் என்று சம்பந்தியம்மா முடிவு செய்து வைத்திருக்கிறாள்.

சும்மா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமே என்றேன் தனசேகரிடம். அனுப்ப மாட்டார்களாம். போன வருஷம் மூன்றாம் மாதத்தில் ஒன்று கலைந்துவிட்டது. அதிலிருந்து சம்பந்தியம்மா செல்வியை வாசல் தாண்ட விடுவதில்லை. சரி, கஸ்தூரியை ஆவடிக்குத் தூக்கிக்கொண்டு போனால்? கொல்லைக்குப் போகவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த ரோட்டில் ஆட்டோவா?

உண்மையைச் சொல்லிவிடுங்கள், மனசு இளகும் என்றேன். தனசேகர் என்னைப் பார்த்த பார்வை! "சாவப் போற ஊட்டுக்கு மாசமா கீற பொண்ண எவம்மா அனுப்புவான்? நானே அனுப்ப மாட்டேன்."

அதுதான் சிக்கல். சொல்லாவிட்டால் ஆவணி. சொன்னால் எப்போதும் இல்லை.

கியாஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

2-7-95, ஞாயிறு

தனசேகர் நேற்று ஆவடி போய் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வளைகாப்பை ஏழாம் மாதத்திலேயே, தாய்வீட்டிலேயே போடுவதாகக் கஸ்தூரி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். வேண்டுதல் என்றால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. சம்பந்தியம்மா ஜோசியரைக் கேட்டுவிட்டு, வரும் ஞாயிறு நல்ல நாள் என்று ஒப்புக்கொண்டாள். போட்டுவிட்டு அன்றைக்கே பெண்ணை இங்கே விட்டுவிட்டுப் போவார்கள்!

தனசேகருக்குப் பட்டறையில் பேசவே வராதாம், ரேவதி சிரிக்கிறாள். "எங்கப்பா எப்டித்தான் அவ்ளோ பெரிய பொய்ய சொல்லிச்சோ."

கஸ்தூரி இன்று அரை இட்லி சாப்பிட்டாள். செல்விக்குப் படுக்க எந்த இடம், ஃபேன் எந்தப் பக்கம் என்று ஒரே உத்தரவு. பெட்டியைத் திறந்து மாம்பழக் கலர் பட்டுப்புடவையை எடுத்து வைக்கச் சொன்னாள், தான் கட்டிக்கொள்ள. ஜாக்கெட் இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்க வேண்டும். நான் எடுத்து வந்திருக்கிறேன். தையல் மிஷின் ஊசி முறிந்து கிடக்கிறது, நாளை வாங்கணும்.

சந்தோஷமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும்.

7-7-95, வெள்ளி

லீவு போட்டேன். மானேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா வந்து கஸ்தூரிக்கு வயிற்று நீர் எடுத்தார். குழாய் வழியாக மெள்ள மெள்ள வடிந்தது. வெளியில் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை. உள்ளே இது. வயிறு கொஞ்சம் வடிந்தது, மூச்சு சீரானது. மறுபடி ஊறிவிடும், ஆனால் ஞாயிறு வரை தாங்கும்.

வாங்க வேண்டியவை:
கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையும்
சந்தனம், பன்னீர்
ஊதுவத்தி (நிறைய, வாடை தெரியக் கூடாது)
சாய்ந்து உட்காரத் தலையணை இரண்டு
கன்னத்துக்குப் பவுடர், பூசிப் பார்த்தோம், இன்னும் மோசமாக இருக்கிறது, வேண்டாம்

பெரிய சண்டை மாத்திரை பற்றி. ஞாயிறு காலை மாத்திரை போடமாட்டேன் என்கிறாள் கஸ்தூரி. போட்டால் கண் சொருகுகிறதாம். "தூங்கி வழிஞ்சேன்னா அந்தம்மா கண்டுபுடிச்சிடும். வலிய நான் பாத்துக்கறேன்." வலி உங்களை ஒரு கை பார்த்துவிடுமே என்றேன். கேட்கவில்லை.

"நீ வந்து பக்கத்துல குந்திக்க யக்கா. அப்ப தெம்பா இருக்கும்."

வருகிறேன் என்றேன். பஸ் ஸ்டாண்டில் டாக்டரம்மா சொன்னார்: "விசேஷத்துக்குப் போகாதே. நாம சாவு வீட்டு மனுஷங்க. நம்மள நாலு பேருக்குத் தெரியும்." டாக்டரம்மாவுக்கு எல்லாவற்றிலும் பயம். ஒரு பொம்பளை ஒரு வளைகாப்புக்குப் போவதில் என்ன வந்துவிடப் போகிறது?

9-7-95, ஞாயிறு

எழுதிவிட்டுத்தான் படுக்கணும்.

பத்து மணிக்கு வேனில் வந்து இறங்கினார்கள். செல்வி நல்ல உயரம், கஸ்தூரியின் அதே நெற்றி. உள்ளே வந்ததும் அம்மாவைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். "இன்னாமா இப்டி எளைச்சிட்ட?" "கட்டி கரையறதுக்கு மருந்து சாப்டறேன்ல, அப்டித்தான் எளைக்கும்" என்றாள் கஸ்தூரி, கொஞ்சமும் தடுமாறாமல். மாம்பழக் கலர் புடவை. தலையணைகளுக்கு மேல் சால்வை போட்டு, சாதாரணமாகச் சாய்ந்திருக்கிற மாதிரி.

சம்பந்தியம்மா முதலில் வளையல் போட்டாள். பிறகு கஸ்தூரி. செல்வியின் விரல்களைக் குவித்துப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒன்றும் சிக்கவில்லை. நெற்றியில் மட்டும் வியர்வை ஓடிக்கொண்டே இருந்தது. வளையல் போட்டு முடித்து, மகள் வயிற்றில் கையை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள், "போதும்டி, புள்ளைக்குக் கூச்சமா இருக்கும்" என்று. நானும் சிரித்தேன்.

எலுமிச்சை சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மாவோடு ஆவடியிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா! நீங்க எங்க இங்க? என்னத் தெர்ல? கொரட்டூர்ல, ஏரிப் பக்கம், எங்க நைனாவுக்கு வருவீங்களே!"

தெரிந்தது. போன வருஷம். தொண்டையில் புண். இவள் அவர் மகள். கண்ணைக் காட்டினேன், அவள் முந்தானையை இழுத்தேன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவளுக்கு நன்றி பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"இவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கெல்லாம்? தெய்வம். எங்க நைனாவுக்குக் கேன்சர்னு சொந்தக்காரங்களே கிட்ட வர்ல. இவங்கதான் வந்து புண்ணத் தொடைச்சி, மருந்து குடுத்து, சாவற வரைக்கும் பாத்துகினாங்க. இவங்க போறதே அந்த மாதிரி ஊட்டுக்குத்தான், வேற எங்கயும் போவ நேரம் இல்ல பாவம்."

என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எல்லார் எதிரிலும்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கஸ்தூரியை. கழுத்தை, கையை, வயிற்றை.

"நீங்க இவங்களுக்கு இன்னா வேணும்?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

சம்பந்தியம்மா கத்தவில்லை. இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவினாள். தனசேகரைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்கிட்ட மறைச்சிட்டீங்களே அண்ணே" என்றாள். அவர் தலை குனிந்து நின்றார். "எனக்கு இது மொதப் பேரப்புள்ள. ஒண்ணு போச்சு. இன்னொண்ணு போனா நான் தாங்க மாட்டேன். செல்விய இட்டுகினு போறேன். கோச்சிக்காதீங்க." மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செல்விக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க மாட்டேன் என்று. கஸ்தூரிதான் அவள் கையை எடுத்துவிட்டாள். "போ. அந்தம்மா சொல்றது சரி. போ கண்ணு." வாசல் வரைக்கும் எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. வேன் டிரைவரைப் பார்த்து, "ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா ஏத்தி எறக்குப்பா" என்றாள்.

வேன் போனதும்தான் சரிந்தாள். மாத்திரை கொடுத்தேன். வலி அடங்க வெகு நேரம்.

10-7-95, திங்கள்

டைப் அடித்ததெல்லாம் தப்பு. ஒரே கடிதம் நான்கு தடவை.

நான் போயிருக்கவே கூடாது. இவர் சொல்கிறார், "நீ வேணும்னா பண்ணின?" வேண்டுமென்று செய்திருந்தால்கூடத் திட்டிக்கொள்ளலாம்.

ராத்திரி சமைக்கவில்லை. பிரெட்.

13-7-95, வியாழன்

பர்மிஷன் போட்டுவிட்டு ஆவடி போனேன். தனசேகருக்குச் சொல்லவில்லை. தடுத்திருப்பார்.

சம்பந்தியம்மா உட்காரச் சொன்னாள். காபி கொடுத்தாள். நல்ல காபி. பேசவேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம், நானே ஆட்டோவில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா. நீங்க நல்லது பண்றீங்க. ஆனா நீங்க போற ஊடெல்லாம் இன்னா ஆவுதுன்னு நெனைச்சிப் பாருங்க. வயித்துப் புள்ளக்காரி கீற ஊடு இது."

நான் போகிற வீட்டிலெல்லாம் சாவு விழுகிறது. அது உண்மைதானே. நான் கொண்டு போவதில்லை, ஏற்கனவே வாசலில் நிற்கிறது, அதனால் போகிறேன். இதை அங்கே உட்கார்ந்து விளக்க முடியவில்லை.

செல்வி செருப்பு மாட்டும் இடத்துக்கு வந்தாள். கை நிறைய வளையல். "யக்கா, உங்க ஆபீஸ் போன் நம்பர் குடுங்க. பக்கத்துல பூத் கீது, அத்த கோயிலுக்குப் போறப்ப வந்து பேசறேன். அம்மா எப்டி கீதுன்னு நீங்கதான் சொல்லணும். எங்கப்பா உண்மைய சொல்லாது." நம்பர் சொன்னேன். உதட்டாலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

தெருவுக்கு இறங்கி நாலு வீடு தாண்டியிருப்பேன். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். சம்பந்தியம்மா, நான் உட்கார்ந்த திண்ணையிலிருந்து வாசல் வரை கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குடத்துக்கு ஊரே அடித்துக்கொள்கிற இந்த வெயில் காலத்தில், முழு வாளித் தண்ணீர்.

கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

18-7-95, செவ்வாய்

ஆடி பிறந்துவிட்டது. சாயங்காலம் தூறல், மண் வாசனை மட்டும், மழை இல்லை.

கஸ்தூரிக்கு மறுபடி வயிறு ஊறிவிட்டது. இனிமேல் எடுத்துப் பயனில்லை என்கிறார் டாக்டரம்மா. கஞ்சித் தண்ணீர் இரண்டு ஸ்பூன். பாதி வெளியே வந்துவிடுகிறது.

ஆவடி போனதைச் சொன்னேன். தண்ணீர் கொட்டியதைச் சொல்லவில்லை.

"வளைகாப்புக்கு உன்ன நான்தான வரச் சொன்னேன். நீயா வந்த? அத நெனைச்சிகினு குந்தாத" என்றாள். அவள் என்னைத் தேற்றுகிறாள்! நான் எதற்குப் போகிறேன் அங்கே?

தனசேகர் இன்று பட்டறைக்குப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கட்டி சீக்கிரம் கரைஞ்சிடும்னு டாக்டர் சொன்னாங்க" என்கிறார். "ஆமா, கரையுது, எனக்கே தெரியுது" என்கிறாள் அவள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல். ஒருமுறையாவது வாய் விட்டுப் பேசி அழுங்களேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. போர்வையைச் சரி செய்தேன்.

21-7-95, வெள்ளி

விடியற்காலை போய்விட்டாள். ரேவதி பக்கத்தில் இருந்தாளாம். நான் போனபோது குளிப்பாட்டி வைத்திருந்தார்கள்.

ஆடி வெள்ளி. தெரு முனையில் அம்மன் கோயில் ஸ்பீக்கர். நிறுத்தச் சொல்லலாமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம், அதுக்குப் பாட்டுன்னா பிடிக்கும் என்றார் தனசேகர்.

ஆவடியிலிருந்து சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் மட்டும் வந்தார்கள். சம்பந்தியம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். நிஜமாகவே அழுதாள். எனக்கு அவளை வெறுக்கக்கூட முடியாமல் போய்விட்டது.

செல்வியைக் கேட்டேன். மாப்பிள்ளை கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அவகிட்ட சொல்லலீங்க. டூட்டிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணி எடுத்துக்கொண்டேன். வேறு வீட்டுக்கு ஆகும்.

24-7-95, திங்கள்

மதியம் வாட்ச்மேன் வந்து கூப்பிட்டான். கம்பெனி கேட்டில் தனசேகர். நான்கு நாள் தாடி. மொட்டை.

"மேடம், செல்வி உங்களுக்குப் போன் பண்ணும்னு மாப்ள சொன்னாரு. சொல்லிடாதீங்க. பிரசவம் ஆவற வரைக்கும். நாங்க எல்லாம் சேந்து பேசிட்டோம். அதிர்ச்சில ஏதாச்சும் ஆயிடுச்சின்னா, கஸ்தூரிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது, எப்படி முடியும், அவளுக்குத் தெரிந்துவிடாதா, தெரிந்தால் நம் ஒருத்தர் மூஞ்சியிலும் முழிப்பாளா என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார். எஸ்டேட் சங்கு ஊதியது. ஆட்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

சரி என்றேன். வேறென்ன சொல்வது? டாக்டரம்மாவைக் கேட்டால், "குடும்பம் முடிவு பண்ணணும், நாம இல்ல" என்பார். அதுவும் சரி. எல்லாரும் சரி.

நாலரைக்குப் போன். செல்வி. பின்னால் பஸ் இரைச்சல்.

"யக்கா, அம்மா எப்டி கீது?"

"அப்படியேதாம்மா இருக்காங்க."

"வலி?"

"இப்ப வலி இல்ல." அது ஒன்றாவது பொய்யில்லை.

"புள்ள இப்பல்லாம் ரொம்ப உதைக்குதுக்கா. சாய்ங்காலமானா ஆரம்பிச்சிடுது. அன்னிக்கு அம்மா கை வச்சப்ப அசையவே இல்ல பாருங்க, அதுக்கு அம்மா ஏமாந்து போயிருக்கும். அம்மாகிட்ட சொல்லிடுங்க, நல்லா உதைக்குதுன்னு."

சொல்கிறேன் என்றேன். மானேஜர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வைத்துவிட்டேன்.

25-7-95, செவ்வாய்

தண்ணீர் லாரி வந்தது. இவர் மூன்று குடம்.

நாலு மணியிலிருந்தே டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் கிளம்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மணி அடித்தது.

"யக்கா, சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"இன்னா சொல்லிச்சி?"

டைப்ரைட்டரில் பாதி அடித்த கடிதம். எதிர் சீட்டில் டிபன் டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். என்ன சொன்னாள் கஸ்தூரி? என்ன சொல்லியிருப்பாள்?

"சிரிச்சாங்க" என்றேன். "காலை நீட்டிப் படுக்கச் சொன்னாங்க. உதைக்கிறப்போ இடது பக்கமாத் திரும்பிப் படுக்கச் சொன்னாங்க."

"சிரிச்சிச்சா!" செல்வியின் குரல் பூத்துக்கு வெளியே கேட்டிருக்கும். "அப்ப கொஞ்சம் தெம்பாத்தான் கீது. வேற இன்னா சொல்லிச்சி? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்கக்கா, ஒண்ணு விடாம."

சொல்லிக்கொண்டே இருந்தேன்.